தென்கடற்கரையில் திமிங்கிலக் கரையொதுங்கல்: பதிவுகளும் மனிதப் பொறுப்பும்

முன்னுரை

சங்க இலக்கியத்தின் நெய்தற் பாடல்களில் கடல், உணவு தருவதாகவும் உயிர் கவர்வதாகவும் ஒருங்கே காட்சியளிக்கிறது. சுறா எறிந்த புண் ஆறியதும் மீண்டும் கடல்மேற் சென்ற தந்தையைக் குறுந்தொகை காட்டுகிறது. பரதவர் சினைச் சுறவின் கொம்பினை நட்டு வழிபட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. அப்பாடல்களில் கடலுயிர் வலியது. மனிதன் அதற்கு அஞ்சியும் அதனை வணங்கியும் வாழ்ந்தான். இன்று கடலுயிர்களின் அழிவுக்கு மனிதனே காரணம் எனப்படுகிறது. இக்கூற்று திமிங்கிலங்களின் கரையொதுங்கலுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைத் தென்கடற்கரைப் பதிவுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு சனவரி நிகழ்வுகள்

1973 சனவரி 14 அன்று, தைப்பொங்கல் நாளில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. நீளக் கடற்கரையில் 147 திமிங்கிலங்கள் கரையொதுங்கின. அவை குறுந்துடுப்பு வழிகாட்டித் திமிங்கிலம் என்னும் இனத்தைச் சார்ந்தவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன அறிஞர்கள் நேரில் ஆராய்ந்து இந்நிகழ்வைப் பதிவு செய்தமையால்தான் இவ்வெண்ணிக்கை இன்று நமக்குக் கிடைக்கிறது.

நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2016 சனவரி 11 மாலை தொடங்கி, மணப்பாடு, திருச்செந்தூர்ப் பகுதிக் கரைகளில் இதே இனத் திமிங்கிலங்கள் 81 ஒதுங்கின. மீனவரும் அரசு அலுவலரும் உயிரோடிருந்தவற்றைப் படகுகளால் கடலுக்குள் இழுத்துவிட்டனர். அவ்வாறு விடப்பட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே வந்தன. 45 திமிங்கிலங்கள் இறந்தன. அதே இனம், அதே கரை, அதே மாதம் என்னும் இவ்வொற்றுமை கருதத்தக்கது.

காரணங்கள்

வழிகாட்டித் திமிங்கிலங்கள் தாய்வழி உறவினைக் கொண்டு பெருங்கூட்டமாக வாழ்பவை. அவற்றுள் ஒன்று நோயுற்றோ வழிதவறியோ கரையை நாடினும் மற்றவை அதனைப் பிரிவதில்லை. மீட்கப்பட்டவை கரைக்குத் திரும்பியதும் இப்பிணைப்பினால் விளங்கும். மேலும், இவை ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் திசையறிகின்றன. மெல்லச் சரியும் மணற்கரையில் எதிரொலி தெளிவாகத் திரும்புவதில்லை. ஆகவே ஆழ்கடலில் வாழப் பழகிய உயிர் ஆழமற்ற நீரில் வழி காணாது தவிக்கிறது.

இவை இயற்கைக் காரணங்கள். 1852-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவை அடுத்த உப்பு ஏரிப் பகுதியில் வழிகாட்டித் திமிங்கிலங்கள் ஒதுங்கியதை எட்வர்டு பிளைத் பதிவு செய்துள்ளார். கடலடி ஒலிக்கருவிகள் தோன்றாத காலத்து நிகழ்வு அது. எனவே கூட்டமாக ஒதுங்குதல் முழுவதும் மனிதனால் விளைந்தது எனல் பொருந்தாது.

மனிதன் காரணமாதற்கும் உறுதியான சான்று உண்டு. 2000 மார்ச்சில் பகாமாஸ் தீவுகளில் 17 கடற்பாலூட்டிகள் ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையின் ஒலியலைக் கருவிகளுக்கு இதில் பங்குண்டு என்பதை அந்நாட்டு அரசின் 2001-ஆம் ஆண்டு இடைக்கால அறிக்கையே ஏற்றது. இறந்தவற்றின் உடலை உடனே ஆராய்ந்ததாலும், கடற்படைப் பயிற்சி நடந்த காலம் தெரிந்திருந்ததாலும் இம்முடிவு கிட்டியது. 2016 மணப்பாடு நிகழ்வுக்கு இத்தகைய ஐயமற்ற முடிவு எட்டப்படவில்லை.

திருவனந்தபுரக் கரை

கூட்டமாக ஒதுங்குதல் வேறு. தனித் திமிங்கிலங்கள் இறந்து ஒதுங்குதல் வேறு. கேரளக் கரையில் மிகுதியும் காணப்படுவது பின்னையதே. தென்மேற்குக் கரையில் 2014 முதல் 2023 வரையிலான பத்தாண்டில் திமிங்கில ஒதுங்கல் முந்தைய பத்தாண்டைவிடப் பன்மடங்கு கூடியதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன ஆய்வு 2025-இல் தெரிவித்தது. கப்பல் மோதல், நீரடி இரைச்சல், சூழற்சீர்கேடு ஆகியன காரணங்களாக அதில் சுட்டப்பட்டன.

இவ்வாய்வு திருவனந்தபுரத்துக்குத் தனிப் பொருளுடையது. பாண்டியன் நெடுஞ்சடையனின் சீவரமங்கலச் செப்பேடு குறிக்கும் விழிஞம் இன்று பெருங்கப்பல்கள் அணையும் பன்னாட்டுத் துறைமுகம். அத்துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதே மாதம் விழிஞத்திலிருந்து கொச்சி நோக்கிச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 சரக்குப் பெட்டகங்களோடு மே 25 அன்று மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரக் கரைகளில் ஒதுங்கின. கப்பற் போக்குவரத்து பெருகவிருக்கும் இக்கடலில், அதற்கு முந்தைய நிலை யாது என்பதை இப்பொழுதே வரையறுத்தாலன்றிப் பின்னர் நேரும் மாற்றத்தை அளத்தல் இயலாது.

பதிவின் தேவை

1978 முதல் வெளிவந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கடல் மீன்வளத் தகவல் இதழ்களில் கரையொதுங்கல் குறிப்புகள் பல இடம்பெற்றுள்ளன. அவை மதிப்பிற்குரியன. எனினும் அவை அலுவலர் கண்ணில் பட்டவை மட்டுமே. நாள்தோறும் கடலைக் காணும் மீனவர் நினைவிலுள்ள செய்திகள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஓங்கில், ஆவுளியா முதலாகக் கடற்பாலூட்டிகளுக்கு வழங்கும் கரையோரப் பெயர்களும், அவை காணப்படும் பருவம் பற்றிய அறிவும் முதியவரோடு மறைந்து வருகின்றன.

எல்லைப் பிரிவும் இதற்குத் தடையாகிறது. 1956 நவம்பர் 1 வரை குமரிக் கரையும் திருவனந்தபுரக் கரையும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. இன்று பதிவுகள் இரு மாநிலங்களில், இரு மொழிகளில் கிடக்கின்றன. திமிங்கிலத்திற்கு இவ்வெல்லை இல்லை; கரையோர மக்களின் பேச்சிலும் இது முழுமையாக இல்லை. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இக்கரையில் சொற்களையும் செய்திகளையும் திரட்டும் பணி மொழித்துறைகளுக்கும் உரியதாகும்.

முடிவுரை

கூட்டக் கரையொதுங்கலுக்கு இயற்கைக் காரணங்கள் உண்டு என்பதை 1852, 1973 நிகழ்வுகள் உணர்த்துகின்றன. மனிதச் செயலும் காரணமாகலாம் என்பதைப் பகாமாஸ் நிகழ்வு உறுதிப்படுத்துகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியத் துணைசெய்வது தொடர்ச்சியான பதிவு ஒன்றே. நாள், இடம், இனம், நீளம், உடற்கூறாய்வு முடிவு, அந்நாளைய கப்பற் போக்குவரத்து, மீனவர் வாய்மொழி ஆகியன ஒருங்கமைந்த பொதுப் பதிவேடு ஒன்று தென்கரை முழுமைக்கும் தேவை. அஃது இல்லாதவரை மனிதனைக் குற்றஞ்சாட்டுவதும் விடுவிப்பதும் ஊகமாகவே நிற்கும்.