இதயமாற்றும் மூளைச்சாவு என்னும் தொகைச்சொல்லும்

1967 டிசம்பர் 3ஆம் நாள் கேப் டவுன் நகரில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதயமாற்று அறுவையைச் செய்தார். மூன்றாம் நாளே நியூயார்க்கில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ், பிறந்து மூன்று வாரமும் நிறையாத குழந்தைக்கு அதனைச் செய்தார். அக்குழந்தை சில மணி நேரமே உயிர்வாழ்ந்தது. புதிய உறுப்பை உடல் புறந்தள்ளாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980களில் பரவிய பின்னரே இம்மருத்துவம் நிலைபெற்றது.

குழந்தைகளுக்கோ இன்னோர் இடர் உண்டு. சிறிய மார்புக்கூட்டில் பெரியவரின் இதயம் அடங்காது. ஆகவே ஒரு குழந்தை பிழைக்க, பெரும்பாலும் மற்றொரு பிள்ளையை இழந்த பெற்றோர் இசைய வேண்டும்.

அவ்விசைவு ஒரு சொல்லைச் சார்ந்துள்ளது. 'மூச்சு அடங்கியது', 'நாடி விழுந்தது' என்று மூச்சையும் நாடியையும் கொண்டே தமிழர் இறப்பை உணர்த்தி வந்தனர். 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு, மூளை மீளாது செயலிழப்பதை இறப்பென வரையறுத்தது. 1994இல் இந்தியச் சட்டமும் அதனை ஏற்றது. தமிழில் அது 'மூளைச்சாவு' ஆயிற்று. இதனை ஆறாம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் 'மூளையினது சாவு' என்றாகும். அப்பொருளில் மூளை மட்டுமே இறந்தது, பிள்ளை இருக்கிறான். சட்டம் கருதுவதோ 'மூளையால் அறியப்படும் சாவு'. இஃது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. கருவியின் துணையால் மகனின் மார்பு ஏறி இறங்குவதைக் காணும் தாயின் செவியில் முதற்பொருளே விழுகிறது.

நம் நாட்டில் முதல் இதயமாற்று 1997இல் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் நிகழ்ந்தது. அங்கேயே 14 வயதுச் சிறுமி ஒருத்தி, ஏறத்தாழ ஓராண்டு இயந்திர இதயத்தின் துணையோடு காத்திருந்தாள். 2007 அக்டோபரில் கிடைத்த இதயத்தை அவள் உடல் ஏற்கவில்லை. மறுநாள் வேறொரு குடும்பம் ஈந்த இதயம் அவளைக் காத்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவ இணையரின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் இசைந்தனர். சென்னைக் காவல்துறை வழியமைத்துத் தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடங்களில் சென்ற அவன் இதயம், பெங்களூரைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மருத்துவ ஏடுகளில் இருந்த 'மூளைச்சாவு' அதன்பின் தமிழகத்து இல்லங்களில் புழங்கும் சொல்லாயிற்று. அரசும் அவ்வாண்டே இறந்தோர் உறுப்புமாற்றுத் திட்டத்தை வகுத்தது. அப்பெற்றோர் மருத்துவர்கள் ஆதலின், அத்தொகையின் இரண்டாம் பொருளை அறிந்திருந்தனர். மற்றையோர்க்கு அதனை யாரேனும் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஆழ்மயக்கத்திலிருந்து மீள்வோர் உண்டு. மூளைச்சாவிலிருந்து மீள்வோர் இல்லை. செய்தித்தாள்கள் இவ்விரண்டையும் மயக்கி எழுதுகையில், பெற்றோர் நம்பிக்கையோடு காத்திருப்பர். அதற்குள் ஈயத்தக்க இதயமும் நின்றுவிடும். பைராம் தோட்டத்து ஆசிரியர்கள் தொகைநிலைத் தொடரைக் கற்பிக்கும்போது, 'மாங்காய்', 'பொற்குடம்' ஆகியவற்றோடு 'மூளைச்சாவு' என்பதையும் கரும்பலகையில் எழுதி, இருவகையாக விரித்துக் காட்டுமாறு வேண்டுகிறோம். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அச்சொல்லை முதன்முறையாகக் கேட்கும் நிலை நம் மாணவர் எவர்க்கும் வேண்டா.