26 நாளில் ஒரு நாவல்

ஒரு மாதத்துள் நாவல் எழுதி முடிப்பது இளம் எழுத்தாளர் சிலருக்கு ஒரு பந்தயம். 1866இல் தஸ்தயேவ்ஸ்கிக்கோ அது தம் எழுத்துரிமையைக் காக்கும் போராட்டம்.

முந்திய ஆண்டில் கடன்காரர் நெருக்க, பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கியிடம் 3000 ரூபிளுக்கு ஒப்பந்தம் செய்திருந்தார். 1866 நவம்பர் 1ஆம் திகதிக்குள் புதிய நாவலொன்று கொடாவிடில், அடுத்த 9 ஆண்டுகள் அவர் எழுதுவதெல்லாம் ஊதியமின்றிப் பதிப்பாளருக்கே உரியதாகிவிடும். 'குற்றமும் தண்டனையும்' தொடராக வெளிவந்துகொண்டிருந்த வேளை அது. ஒக்டோபர் பிறந்தும் புதிய நாவல் தொடங்கப்படவில்லை. ஆளுக்கொரு பகுதி எழுதித் தருவதாக நண்பர்கள் முன்வந்தனர். பிறர் எழுத்தில் தம் பெயரை இட அவர் இசையவில்லை.

4ஆம் திகதி, பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி, அன்னா என்ற 20 வயதுச் சுருக்கெழுத்தாளர் வந்தார். சொல்லி எழுதுவிப்பது தஸ்தயேவ்ஸ்கிக்குப் பழக்கமில்லை, முதலில் தடுமாறினார். பின்னர் இரவில் குறிப்பெடுத்துப் பகலில் சொன்னார். அன்னா வீட்டிலிருந்து செம்பிரதி செய்து மறுநாள் கொணர்ந்தார். கெடு விரட்டியது உண்மையே. ஆயினும் நாவலை முடித்தது இந்த நாளாந்த ஒழுங்கு என்பேன். சூதாட்ட மேசையில் தாமே இழந்தவராதலால் கதைக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. 29ஆம் திகதி 'சூதாடி' நிறைவுற்றது.

கெடு நாளில் பதிப்பாளர் ஊரில் இல்லை. அவரது அலுவலகத்தாரும் பிரதியை ஏற்க மறுத்தனர். தஸ்தயேவ்ஸ்கி பொலிஸ் நிலையத்தில் அதனை ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றபோது இரவு 10 மணி.