காயங்களின் சாட்சியம்

தலைமைப் பதவி எய்திய மருத்துவர் நோயாளியின் அருகே நிற்பதை விட்டுவிடலாமா? இவ்வினாவிற்கு நெப்போலியன் படையில் பணிபுரிந்த டொமினிக் ழான் லாரே என்னும் அறுவை மருத்துவரின் வாழ்க்கை விடை கூறும்.

1792இல் பிரெஞ்சுப் படையின் மருத்துவ வண்டிகள் போர்முனைக்கு வெகுதூரம் பின்னே நிற்க வேண்டும் என்பது விதி. காயமுற்றோர் போர் ஓயும்வரை கிடந்த இடத்திலேயே கிடந்து மடிந்தனர். இதனை நேரிற் கண்ட லாரே, களத்தினுள்ளேயே விரைந்து செல்லும் குதிரை வண்டிகளை அமைத்தார். தளபதியா, சிப்பாயா என்று பாராது, காயத்தின் கடுமையையே பார்த்தார். 1812இல் பொரொடினோப் போரின்போது, படை முழுமைக்கும் தலைமை மருத்துவராக இருந்தும், ஒரே நாளில் ஏறக்குறைய 200 பேருக்குத் தம் கையாலேயே உறுப்பு நீக்கினார். மயக்க மருந்து அறியாத காலம் அது!

மறு ஆண்டு ஜெர்மனியில் நிகழ்ந்த போர்களில் இளஞ்சிப்பாய்கள் பலர் கையிலும் விரலிலும் காயம்பட்டு வந்தனர். போருக்கு அஞ்சித் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டனர் என்று பழி எழுந்தது. பேரரசரும் அதனை நம்பினார். குற்றம் உறுதியானால் தண்டனை கொடிது. மருத்துவருள் சிலரும் தலையசைத்தனர். ஆள்வோர் விரும்பும் விடையை அளிப்பது எளிதன்றோ? லாரே இணங்கவில்லை. 2,000க்கு மேற்பட்டோரை ஒவ்வொருவராகச் சோதித்தார். பயிற்சி குறைந்தோர் மூன்று வரிசையாக நின்று சுடுகையில், பின்நிற்போரின் குண்டு முன்நிற்போரின் உயர்த்திய கைகளைத் துளைத்ததென எழுத்தில் அளித்தார். ஆண்டுக்கணக்காகக் காயங்களைத் தொட்டறிந்தவரின் சொல் அது. பேரரசர் சினக்கவில்லை, நன்றி கூறி ஓய்வூதியமும் வழங்கினார். சிப்பாய்கள் பழி நீங்கினர்.