தண்ணீர்மேல் விழுந்த பழி

தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளியிறுதி வகுப்பை முடித்துவிட்டு, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த பெண் நீங்கள் என்று சிறிது நேரம் வைத்துக்கொள்ளுங்கள். விடுதி அறையில் ஆறு பேர். ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. குளியலறைக் குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். சோப்பு நுரைக்க மறுக்கிறது. வாளியின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. ஊரைவிட்டு வந்து மூன்று மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை தலைவாரும்போது சீப்பில் முடி கொத்தாக வருகிறது. மறுநாளும் அப்படியே.

அறைத் தோழி உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறாள்: "இந்த ஊர்த் தண்ணி அப்படித்தான். வந்த புதுசுல எனக்கும் பாதி முடி போச்சு." தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னால் அவள் இன்னும் ஒரு படி மேலே போகிறாள்: "வேலையும் வேண்டாம், சம்பளமும் வேண்டாம். கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, வீட்டுக்கு வந்து சேரு." தண்ணீர்தான் குற்றவாளி என்றால் அம்மா சொல்வதில் தவறில்லை. வேறு ஏதாவது குற்றவாளி என்றால், உங்கள் வேலைதான் வீணாகப் பறிபோகும். ஆகவே இந்த வழக்கைச் சற்று விசாரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஓசூர் வட்டாரத்துத் தண்ணீருக்கு நற்சான்று வழங்குவது என் நோக்கமன்று. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், இரு சக்கர வண்டி, லாரி, கைக்கடிகாரம் எனத் தொழில்கள் பெருகி, அண்மைக்காலத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்துவருகின்றன. அத்தனை பேருக்கும் வேண்டிய நீரில் பெரும்பங்கு பாறைக்கு அடியிலிருந்து வந்தது. தென்பெண்ணையிலோ, பெங்களூருக் கழிவு கலந்து கெலவரப்பள்ளி அணையில் மலைமலையாக நுரை பொங்கும் காட்சியைச் செய்தித்தாளில் நீங்களே பார்த்திருப்பீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. அது பல்லைக் கறையாக்கும், எலும்பை வளைக்கும். இதற்காகவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆகத் தண்ணீர்மேல் உண்மையான குற்றச்சாட்டுகள் உண்டு. முடி உதிர்வது அவற்றுள் ஒன்றா என்பதே நம் கேள்வி.

இதே பழி வேறொரு நாட்டில் வேறொரு தண்ணீர்மேல் விழுந்த கதையை முதலில் கேளுங்கள். 1850-களில், அமெரிக்காவில் இன்று தெற்கு டகோட்டா எனப்படும் பகுதியில் ஃபோர்ட் ரேண்டல் என்ற இராணுவ முகாம் இருந்தது. அங்கே மேய்ந்த குதிரைப்படைக் குதிரைகளுக்குப் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டின, குளம்புகள் கழன்றன. முகாம் மருத்துவர் மேடிசன் இதை எழுதிவைத்தார். பின்னர் அங்கே குடியேறிய உழவர்களின் மாடுகளுக்கும் அதே கதி. அந்த நிலத்துத் தண்ணீர் உவர்ப்பு. குடித்தால் நாக்கில் காரம் தட்டும். பார்த்தார்கள் உழவர்கள், நோய்க்குக் 'காரநீர் நோய்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். பெயர் வைத்தபின் விசாரணை எதற்கு? பல பத்தாண்டுகள் அப்படியே ஓடின.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாநில வேளாண்மை ஆய்வு நிலையத்தார் அந்த நீரையே பசுக்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பசுக்களுக்கு ஒன்றும் நேரவில்லை. பிறகு கர்ட் ஃபிராங்க் என்ற வேதியியலார், நோய் கண்ட பண்ணைகளில் விளைந்த தானியத்தை எலிகளுக்குத் தின்னக் கொடுத்தார். எலிகள் நோயுற்றன. 1930-களில் நஞ்சு எதுவெனத் தெரிந்தது: செலினியம். 1817-இல் சுவீடன் நாட்டுப் பெர்சிலியஸ் கண்டுபிடித்து, நிலவின் கிரேக்கப் பெயரைச் சூட்டிய அதே தனிமம்தான். மண்ணிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து கால்நடைக்கும் அது ஏறியிருந்தது. குற்றவாளி தீனித் தொட்டியில் இருக்க, பழி தண்ணீர்த் தொட்டிமேல் விழுந்திருந்தது!

ஓசூர்ச் சோற்றிலும் செலினியம் இருக்கிறது என்று சொல்ல வருகிறேனோ என்று அஞ்சவேண்டாம். அதற்குச் சான்று ஏதுமில்லை. ஓசூர் வழக்கை அவிழ்க்க வேறொரு திறவுகோல் வேண்டும். அது முடிக்குள்ளேயே ஓடும் ஒரு கடிகாரம்.

1926-இல் பிரான்சிஸ் டிரை என்பவர் சுண்டெலியின் மயிரை ஆராய்ந்து, ஒவ்வொரு மயிர்க்காலும் மூன்று பருவங்களை மாறிமாறிக் கடக்கிறது என்று காட்டி, அவற்றுக்கு அனாஜன், கேட்டஜன், டெலோஜன் எனப் பெயரிட்டார். நாம் வளர்பருவம், இடைப்பருவம், ஓய்வுப்பருவம் என்போம். (இவர் பிற்காலத்தில் நியூசிலாந்தில் ஆடுகளை ஆராய்ந்தார், அங்கே டிரைஸ்டேல் என்ற கம்பள ஆட்டினம் இவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. எலிமயிரில் தொடங்கியவர்க்கு இது பொருத்தமான நினைவுச் சின்னம்தான்.) மனிதத் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள். அவற்றில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு எந்த நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை வளரும். பின் சில வாரங்களில் வேர் சுருங்கும். அடுத்து ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் முடி உதிரும். அதே குழியில் புது முடி எழும். நாள்தோறும் ஐம்பது முதல் நூறு முடிவரை உதிர்வது இந்தச் சுற்றினால்தான்.

1961-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இந்தச் சுற்றைக் கொண்டு ஒரு புதிரை விடுவித்தார். கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, அறுவை மருத்துவம், திடீரெனப் பட்டினி கிடந்து எடை குறைத்தல், பெரும் மனத்துயர் - இவற்றில் எது தாக்கினாலும், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெருந்தொகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லாம் ஒன்றாக உதிரும். இதற்கு அவர் வைத்த பெயர் டெலோஜன் உதிர்வு. (பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளைச் சோதனைப் பொருளாக்கிய கறையும் இதே மருத்துவர் பெயரில் உண்டு. அறிவியல் வரலாற்றில் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும்.)

இப்போது விடுதி அறைக்குத் திரும்புங்கள். முடி கொட்டுவது இன்று. அப்படியானால் அடி விழுந்தது மூன்று மாதத்துக்கு முன். அதாவது நீங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாட்களில்! தேர்வுக் கவலை, பிரிவுத் துயர், முதன்முதலாக இரவுப் பணி, கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போய் அவசரமாக அள்ளிப்போட்ட விடுதிச் சோறு, பேருந்தைப் பிடிக்கும் பதற்றத்தில் விட்டுப்போன காலை உணவு, நடுவில் ஒரு காய்ச்சல். ஊர் மாறியதும் தண்ணீரும் மாறியது உண்மையே. ஆனால் அன்று மாறியது தண்ணீர் மட்டும்தானா? கண்ணுக்குத் தெரிவதும், நாள்தோறும் தலையில் ஊற்றுவதும் தண்ணீர் என்பதால் அதைப் பிடித்துக்கொள்கிறோம். தோழிக்கும் "வந்த புதிதில்" கொட்டியது, பின் நின்றுவிட்டது என்பதைக் கவனித்தீர்களா? தண்ணீர் மாறவில்லையே, பின் ஏன் நின்றது?

கடினநீரைச் சோதிக்காமலும் விடவில்லை. 2013-இல் வெளிவந்த கோவை மருத்துவர்களின் ஆய்வு ஒன்றில், பதினைந்து பேரின் முடியை எடுத்து, ஒரு பாதியைக் கடினநீரிலும் மறுபாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் பலமுறை நனைத்து, இழுத்து அறுத்துப் பார்த்தார்கள். வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018-இல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஆய்வொன்று, வலிமை குறையவே செய்கிறது என்றது. இவ்விரண்டும் தலைக்கு வெளியே நீண்ட தண்டைப் பற்றியவை. வேரைப் பற்றியவை அல்ல என்பதை மறக்கக்கூடாது. இதை நீங்களே பார்க்கலாம். உதிர்ந்த முடியை வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையினும் சிறிய வெண்ணிறக் குமிழ் இருந்தால் அது ஓய்வு முடித்து வேரோடு வந்த முடி. குமிழே இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் முடி ஒடிந்திருக்கிறது. ஒடிந்த முடிக்கு வேண்டுமானால் தண்ணீரையும், சூடான காற்றையும், ஈரத்தலையில் இழுத்த சீப்பையும் விசாரியுங்கள்.

கடிகாரம் வேறு விதமாகவும் ஓடும். 2024 டிசம்பரில் மகாராட்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தின் சேகாவ் வட்டத்துச் சிற்றூர்களில் மக்களுக்கு முடி கொட்டத் தொடங்கியது. அது மூன்று மாதத்துக் கதையன்று. சிலருக்குத் தலைவலி, காய்ச்சல், தலையில் அரிப்பு, வாந்தி. அடுத்து மூன்று நான்கு நாளில் தலை வழுக்கை! 2025 ஜனவரி 20-க்குள் 18 ஊர்களில் 279 பேர். அவர்களில் பலர் இளம்பெண்கள். கல்லூரிக்குப் போகாமல் நின்றார்கள். மொட்டையடித்துக்கொண்டு முக்காட்டில் மறைந்தார்கள். திருமணப் பேச்சுகள் முறிந்ததாகவும் செய்தி வந்தது. அங்கேயும் முதல் ஐயம் எதன்மேல் என்று சொல்லவும் வேண்டுமா? கிணற்று நீரில் நைட்ரேட்டும் உப்புகளும் மிகுதி என்று சோதனை காட்டியது. பழி தண்ணீர்மேல் விழுந்தது. பூஞ்சை என்றும் சிலர் கருதினர்.

ஆனால் நாள் கணக்கில் கொட்டும் முடி ஓய்வு முடித்து வருவதன்று. வளர்ந்துகொண்டிருக்கும்போதே வேர் தாக்கப்பட்டு வருவது. புற்றுநோய் மருந்துகள் இப்படிச் செய்யும். தாலியம் போன்ற நஞ்சுகளும் செய்யும். தேள்கடி மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் அவ்வூர்களுக்குச் சென்று, நோயாளிகளின் இரத்தம், சிறுநீர், முடி, வீட்டுக் கோதுமை ஆகியவற்றைச் சோதனைக்கு அனுப்பினார். செலினியம் மிகுந்திருந்தது, வெளியிலிருந்து நியாயவிலைக் கடைக்கு வந்த கோதுமையில் உள்ளூர்க் கோதுமையைப்போல் 600 மடங்கு இருந்ததாக அவர் தெரிவித்தார். பஞ்சாபில் சிவாலிக் குன்றடியில் உள்ள ஹோஷியார்பூர், நவான்சகர் வட்டாரங்களில் செலினியம் மிகுந்த மண் உண்டு என்பதை அங்குள்ள வேளாண் அறிஞர்கள் முன்பே ஆராய்ந்து எழுதியிருந்தார்கள். சில மாதங்களில் அதே ஊர்களில் நகங்களும் சிதைந்து விழுந்தன. ஃபோர்ட் ரேண்டல் குதிரைகளின் குளம்புகள் உங்கள் நினைவுக்கு வருகின்றனவா? சீனத்தின் என்ஷி வட்டாரத்திலும் 1961 முதல் 1964 வரை இதுவே நடந்தது. வறட்சியில் நெல் பொய்த்து, செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த சோளத்தையும் காய்களையும் தின்ற ஐந்து ஊர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் முடியும் நகமும் இழந்தனர்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எடுத்துச் செல்லவேண்டிய முதல் செய்தி, எத்தனை முடி கொட்டிற்று என்பதன்று. எப்போது தொடங்கியது, அதற்கு முன் மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்பதே. அடுத்து இரத்தப் பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை. தைராய்டுக் கோளாறும் முடியை உதிர்க்கும். தொழிற்சாலைத் தொப்பிக்குள் அடங்கவேண்டும் என்று நாள்தோறும் இறுக்கி முடியும் கொண்டையும் நெற்றியோர முடியைப் பிடுங்கும். காசு நாணயம்போல வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது வேறு நோய், உடனே காட்டவேண்டும்.

உச்சி வகிடு மட்டும் ஆண்டுக்கணக்கில் மெல்ல அகன்றுகொண்டே வந்தால் அது பரம்பரை வகை. ஆண்களின் வழுக்கையை ஹாமில்டன் 1951-லேயே படிப்படியாக வகைப்படுத்திவிட்டார். பெண்களுக்கு அவ்வாறு வகுக்க 1977-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் வரவேண்டியிருந்தது. மருந்திலும் அதே வரிசைதான். இரத்தக் கொதிப்புக்கென 1979-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மினாக்சிடில் மாத்திரையை உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி முளைத்தது. அதைத் தலையில் தடவும் நீர்மமாக்கி 1988-இல் ஆண்களுக்கு அனுமதித்தார்கள், பெண்களுக்கு 1991-இல். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இதைத் தொடக்கூடாது. மற்றவர்களும் மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கித் தடவவேண்டாம். ஏனெனில் டெலோஜன் உதிர்வுக்கு மருந்து பெரும்பாலும் தேவையே இல்லை. காரணம் நீங்கினால் அது ஆறு மாதத்தில் தானே அடங்கும்.

இந்த மருந்திலும் ஒரு வேடிக்கை உண்டு. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி முன்னைவிடக் கூடுதலாகக் கொட்டும். ஓய்ந்திருந்த வேரெல்லாம் விழித்துப் பழைய முடியைத் தள்ளுவதே காரணம். இதை அறியாமல் பலர் புட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மருந்தாயினும் இயற்கையாயினும், முடி திரும்பும்போது முதலில் காட்டிக்கொடுப்பது நெற்றியோரம்தான். அங்கே அரை அங்குலக் குட்டை முடிகள் வரிசையாக எழுந்து நிற்கும்; எண்ணெய் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் படியாது.