ஐஸ் டீயும் குரங்கணி டீக்கடையும்



போன மாதம் அமெரிக்காவிலிருந்து பேத்தி வந்திருந்தாள். குரங்கணிக்குக் கூட்டிப் போனேன். டீக்கடையில் ஆவி பறக்க கிளாஸை நீட்டியதும், "தாத்தா, இதுல ஐஸ் போட மாட்டாங்களா?" என்றாள். டீ மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் கேட்டதில் தப்பில்லை. அமெரிக்கர்கள் குடிக்கும் டீயில் பெரும்பங்கு ஐஸ் போட்டதுதான். அதில் நம் நாட்டுத் தேயிலைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

1904ல் செயின்ட் லூயிஸ் நகரில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. அதுவரை அமெரிக்கர்கள் அதிகம் குடித்தது சீனா, ஜப்பான் நாடுகளின் பச்சைத் தேயிலை. இந்தியக் கறுப்புத் தேயிலையைப் பழக்குவதற்காக ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்ற வெள்ளைக்காரர் அங்கே போயிருந்தார். வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டவில்லை, அவர் ஐஸ் போட்டுக் கொடுத்தார், கூட்டம் அள்ளியது என்பது அங்கே வழங்கும் கதை. ஐஸ் டீயை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வது மட்டும் சரியல்ல. 1879லேயே வர்ஜீனியா சமையல் புத்தகம் ஒன்றில் அதன் செய்முறை வந்துவிட்டது. ஆனால் இந்தியத் தேயிலையை விற்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது உண்மை. விளம்பரச் செலவுக்காகவே 1903ல் ஏற்றுமதித் தேயிலைக்குத் தீர்வை விதித்துச் சட்டம் போட்டார்கள்.

அதே காலத்தில் நம் மலையில் என்ன நடந்தது? 1897ல் மூணாறில் கண்ணன் தேவன் கம்பெனி தொடங்கியது. 1902ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908ல் அதை மாற்றிச் சிறிய ரயில் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு. பிறகு கப்பலேறி இங்கிலாந்துக்கு. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. "ரயிலே இல்லாத மலைக்கு ஏன் சார் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன்னு பேரு?" என்று வகுப்பில் கேட்பீர்களே, காரணம் இதுதான்.

அந்தத் தேயிலைக்காகக் காடு வெட்டியதும் கொழுந்து கிள்ளியதும் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கையில் முன்பணம் வாங்கி மலையேறிய ஏழை மக்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அடிவாரத்து ஜனங்களின் தலைக்கு மேலே பெட்டி பெட்டியாகத் தேயிலை போனது. கீழே அவர்கள் குடித்தது கஞ்சியும் நீராகாரமும்தான்.

அப்புறம் நாம் எப்படி டீக்குப் பழகினோம்? 1929க்குப் பிறகு உலகமெங்கும் பொருளாதார மந்தம். தேயிலை விலை சரிந்தது. 1933ல் இந்தியா, இலங்கை, டச்சு இந்தோனேசியா மூன்றும் ஏற்றுமதியைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. வெளியே அனுப்ப முடியாத சரக்கை எங்கே தள்ளுவது? அப்போதுதான் நம் பக்கம் முழுதாகத் திரும்பினார்கள். திருவிழாவிலும் சந்தையிலும் வீட்டுக்கு வீடும் டீ போட்டு இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். சலித்தபின் மிஞ்சும் டஸ்ட் ரகம் விலை மலிவு, டிகாக்‌ஷன் திக்காக இறங்கும், கொஞ்சம் தூளில் நிறைய கிளாஸ் வரும். அதுவே நம் கடைகளுக்கு வந்து சேர்ந்தது.

அப்போது காப்பி வசதி உள்ளவர்களின் பானம். டீ உழைப்பாளிகளின் பானம் ஆயிற்று. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் இதை நன்றாக விளக்கியிருக்கிறார். காப்பி ஓட்டல் பலகைகளில் 'பிராமணாள்' என்று எழுதியிருந்த காலம் அது. 1957ல் அந்தச் சொல்லை எதிர்த்து சென்னை முரளி கபே முன்னால் பெரியார் போராட்டம் நடத்தினார். ஏழையின் டீக்கடையாவது எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா? இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

1980களில் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. அடிவாரத்தில் ஒரு கிராமம். டீக்கடைக்குப் போனால், "வாங்க வாத்தியாரே" என்று பெஞ்சைத் துடைத்து, கண்ணாடி கிளாஸில் தருவார்கள். ஒருநாள் என் மாணவன் ஒருவனின் அப்பா வந்தார். கூரையில் சொருகியிருந்த தகர டம்ளரை அவரே எடுத்தார், நீட்டினார், உயரத்திலிருந்து டீ ஊற்றினார்கள். நின்றபடி குடித்து, கழுவி, மறுபடி சொருகிவிட்டுப் போனார். பையன் பக்கத்திலேயே நின்று என் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் வகுப்பில் எழுந்து கேட்டான்: "சார், ஒங்க கிளாஸ் வேற, எங்கப்பா கிளாஸ் வேற, ஏன் சார்?"

"உட்காருடா, பாடத்தைக் கவனி" என்றேன்.

1955லேயே தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. பொது உணவு விடுதிப் பாத்திரங்களைப் பயன்படுத்த யாரையும் தடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. எனக்குத் தெரியும். தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருந்ததை வாசிக்கச் சொன்னவனும் நான்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் அதே கடையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. உன் கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: அந்தத் தேயிலையை மலையில் கிள்ளிக் கொடுத்தது உங்கள் ஜனங்கள். அதைக் குடிக்க உங்களுக்குத் தனி டம்ளர் வைத்தது அநியாயம். அதைப் பார்த்துக்கொண்டு நான் வாய் திறக்காமல் இருந்தது தப்பு. மன்னித்துக்கொள்.

பேத்தியிடமும் இதைச் சொன்னேன். "அப்ப நீங்க அந்த டம்ளர்ல கேட்டிருக்கலாமே தாத்தா" என்றாள். அது அன்று எனக்குத் தோன்றவில்லை.

போடிக்கு 2023லிருந்து மறுபடி ரயில் வருகிறது. யார் வந்தாலும் சொல்லுங்கள். குரங்கணியில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடிப்போம். காசு நான் கொடுக்கிறேன்.