உறங்காச் சக்கரம்

சென்ற வாரம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நின்றோம். அங்கிருந்து தாமிரபரணி ஆற்றோடு கிழக்கே வந்தால் தென்கரையில் ஆழ்வார்திருநகரி. பழைய பெயர் திருக்குருகூர். ஆதிநாதர் கோயிலுக்குள் நிற்கும் புளியமரத்தின் பொந்தில்தான் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் யோகத்தில் இருந்தார் என்பது ஊர் வழக்கு. மற்றப் புளியமரங்கள் பொழுது சாய்ந்ததும் இலை கூம்பிவிடும். இது கூம்பாது என்பார்கள். பெயரே உறங்காப்புளி.

உறங்காத மரத்தைக் கும்பிடுவது பக்தி. உறங்காத சக்கரத்தைச் செய்துவிட நினைப்பது வேறொரு ஆசை. அதுவும் நம் நாட்டில் பழையதுதான். 628-ல் பிரம்மகுப்தர் எழுதிய நூலிலேயே தானாகச் சுழலும் சக்கரம் வருகிறது. 1150-ல் இரண்டாம் பாஸ்கரர் ‘சித்தாந்த சிரோமணி’யில் அதற்குச் செய்முறை சொன்னார். லேசான மரத்தில் சக்கரம், உள்ளே துளையிட்ட ஆரக்கால்கள், அவற்றில் பாதியளவு பாதரசம். வாயை அடைத்து அச்சில் ஏற்றினால் போதும், ஒரு பக்கம் எப்போதும் கனத்துச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்குமாம். அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் விலார் த ஒன்கூர், பாதரசத்துக்குப் பதில் சுத்தியல்களைத் தொங்கவிட்டு இதேபோல் ஒரு சக்கரம் வரைந்தார்.

ஓடவில்லை. விளிம்புப் பக்கம் தள்ளிப்போன எடைக்கு நெம்பும் வலு அதிகம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் எடைகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். கூட்டிக் கழித்தால் இரு பக்கமும் சரிக்குச் சரி. கையால் தள்ளிவிட்ட வேகம் அச்சின் உராய்வில் சூடாகிக் கரைந்ததும் சக்கரம் நின்றுவிடும். இப்படிப்பட்ட இயந்திரங்களை இனிப் பார்க்கவே மாட்டோம் என்று 1775-ல் பாரிஸ் அறிவியல் கழகம் கதவைச் சாத்தியது. ஆனால் ஏன் முடியாது என்று காட்டும் பொதுவிதி அப்போது யார் கையிலும் இல்லை.

விதிக்கு வழிகாட்டியவர் ஒரு மருத்துவர். 1840-ல் டச்சுக் கப்பலில் ஜாவா போன ஜெர்மானியர் ராபர்ட் மேயர், மாலுமிகளுக்கு இரத்தம் வடித்தபோது திகைத்தார். கருத்திருக்க வேண்டிய சிரை இரத்தம் செக்கச்செவேலென்று இருந்தது. வெயில் நாட்டில் சூட்டைக் காக்க உடம்பு அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால் பிராணவாயு மிஞ்சுகிறது என்று ஊகித்தார். உண்ட சோறு சூடாகவும் செலவாகும், உழைப்பாகவும் செலவாகும், கணக்கு ஒன்றுதான். 1842-ல் இதை எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் ஜூல் சோதனை செய்து எண்களால் நிறுவினார். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இதுதான் முதல் விதி.

இந்தக் கணக்கைத் தாமிரபரணிக்கும் போடலாம். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் ஆற்றுநீர் விழும் வேகத்தைக் கொண்டே பஞ்சாலை ஓட்டினார்கள். எரிபொருள் செலவில்லை. உண்மையில் செலவைச் சூரியன் ஏற்றது. கடல்நீரை ஆவியாக்கிப் பொதிகை உச்சிக்குத் தூக்கியது அதுதானே! 1888-ல் அவர்களே தூத்துக்குடியில் கோரல் மில் தொடங்கினார்கள். அங்கே அருவி ஏது? நிலக்கரி வாங்கி நீராவி உண்டாக்கினார்கள். கொதிகலனுக்குக் கேட்காமலே கரி போட்ட ஆலை, உழைப்பவன் உடம்புக்கு வேண்டிய சோற்றையும் ஓய்வையும் கணக்கில் சேர்க்க 1908 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கூலி உயர்ந்தது, வார விடுமுறையும் கிடைத்தது.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களும் கரி தின்றுதான் ஓடின. சுற்றிலும் வெதுவெதுப்பான கடல். அந்தச் சூட்டையே உறிஞ்சி ஓடினால் என்ன? முதல் விதி தடுக்காது. தடுப்பது இரண்டாம் விதி. அருவிக்கு மேடும் பள்ளமும் வேண்டியதுபோல, வெப்பத்திடம் வேலை வாங்கச் சூடான இடமும் வேண்டும், குளிர்ந்த இடமும் வேண்டும். 1824-லேயே கார்னோ இதைக் கண்டுகொண்டார். கிளாசியசும் கெல்வினும் 1850, 51-ல் விதியாக்கினார்கள்.

அந்த விதிக்குப் பணிந்து, இதே தூத்துக்குடிக் கடலில் ஒரு முயற்சி நடந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ‘சாகர் சக்தி’ என்ற மிதவையில் 1 மெகாவாட் மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டது. மேல்நீர் சுமார் 28 டிகிரி. 1,000 மீட்டர் ஆழத்து நீர் சுமார் 8 டிகிரி. கார்னோ கணக்குப்படி, இந்த 20 டிகிரி இறக்கத்தில் நூற்றுக்கு 7 பங்கைத் தாண்டி வேலை கிடைக்காது. அதையும் எடுக்க முடியவில்லை. குளிர்நீருக்கான நெடுங்குழாயை இறக்குவதிலேயே திட்டம் முடங்கியது.

ஆழ்வார்திருநகரியைக் கடந்த ஆறு புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. மறுபடி மலையேற அதற்கு வெயில் வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி நீர் மேலே போனபின் வெள்ளையாகக் கிடக்கிறதே, அது சூரியன் செய்த செலவுக்கு ரசீது.

(அடுத்த வாரம்: 1996-ல் தமிழ்நாட்டையே பேசவைத்த மூலிகை பெட்ரோல்)