கொழுப்பமிலங்களைப் பிரித்தறிந்த வரலாறு

கொழுப்பு என்பது தனியொரு பொருளன்று, கிளிசராலோடு பிணைந்த பல அமிலங்களின் தொகுதி என்பதை ஆய்வகத்தில் நிறுவியவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரேல். 1811-இல் பன்றிக் கொழுப்பாலான பொட்டாசியம் சோப்பை ஆராயத் தொடங்கிய அவர், அதிலிருந்து முத்துப்போல் மின்னும் படிகங்களைப் பெற்று, அவற்றை அமிலத்தால் சிதைத்துக் கொழுப்பமிலத்தை விடுவித்தார். எத்தனை முறை படிகமாக்கினாலும் உருகுநிலை மாறாதிருப்பதே தூய்மைக்குச் சான்று என்று கொண்டு நடத்திய ஆய்வுகளை 1823-இல் நூலாக வெளியிட்டார். ஆயினும் அந்த அளவுகோலும் ஏமாற்றக்கூடியதே. அவர் தனி அமிலமென்று கருதிய மார்கரிக் அமிலம், பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்களின் கலவையே என்று 1850-களில் ஜெர்மானியரான ஹைன்ட்ஸ் காட்டினார்.

வெண்ணெய்க்கு மாற்றான மார்கரின் சந்தைக்கு வந்தபின், வெண்ணெயில் அது கலந்துள்ளதா என்றறியும் தேவை எழுந்தது. வெண்ணெயில் மிகுதியாயுள்ள, எளிதில் ஆவியாகும் அமிலங்களை வடித்து அளக்கும் ரைகர்ட் முறை 1879-இலும், நிறைவுறாத் தன்மையை உறிஞ்சப்படும் அயோடினால் அளக்கும் ஹ்யூபிள் முறை 1884-இலும் வந்தன. இவை வணிகத்துக்குப் போதுமானவை. ஆனால் எந்தெந்த அமிலம் எவ்வளவு உள்ளது என்ற கேள்விக்கு இவற்றால் விடையளிக்க இயலவில்லை.

பிரிப்பிலேயே அடையாளமும் கிடைக்கச் செய்த வாயு-திரவ வண்ணப்பிரிகையை லண்டன் மில் ஹில்லில் ஏ. டி. ஜேம்ஸும் ஏ. ஜே. பி. மார்டினும் 1952-இல் வெளியிட்டனர். வண்ணப்பிரிகையில் பொருள்களைச் சுமந்து நகரும் ஊடகம் ஆவியாகவும் இருக்கலாம் என்று மார்டினும் சிஞ்சும் 1941-இலேயே எழுதியிருந்தும், பத்தாண்டுகளுக்கு மேலாக அதை எவரும் செய்து பார்க்காதது வியப்புக்குரியது. நுண்துகள் மண்ணில் சிலிகோன் எண்ணெயைப் பூசி நிரப்பிய சூடான குழாயில் நைட்ரஜன் வாயு அமில ஆவிகளைச் சுமந்து செல்ல, எண்ணெயில் குறைவாகக் கரையும் சிறிய அமிலம் முன்னும் பெரியது பின்னும் வெளிவந்தன. அமிலங்களின் பட்டைகள் வால் நீளாமல் குறுகியிருக்க எண்ணெயோடு ஸ்டியரிக் அமிலமே சேர்க்கப்பட்டது. வெளிவரும் ஒவ்வோர் அமிலத்தையும் தானியங்கிப் பியூரெட் காரத்தால் நடுநிலையாக்கி, செலவான காரத்தைப் படிக்கட்டு வடிவ வரைகோடாகப் பதிந்தது. ஒரு படியின் இடம் அமிலம் எதுவென்பதையும், உயரம் அதன் அளவையும் கூறின.

அம்முறை பன்னிரண்டு கார்பன் அமிலங்களோடு நின்றது. எளிதில் ஆவியாகாத நீண்ட அமிலங்களை மீத்தைல் எஸ்டர்களாக மாற்றிப் பதினெட்டுக் கார்பன் வரை பிரிக்கலாம் என்று 1956-இல் ஜேம்ஸும் மார்டினுமே காட்டினர். இன்றும் சமையல் எண்ணெயின் அமிலக் கூறுகளை ஆராயும் ஆய்வகங்கள் பெரும்பாலும் இவ்வாறு மீத்தைல் எஸ்டராக்கிய பிறகே மாதிரியைக் கருவியில் செலுத்துகின்றன.